249 டாலர் அகிடா அட்டை, பிரெயின்சிப் பங்கு: இரண்டையும் வாங்கியவனின் மதிப்புரை

பிரெயின்சிப் பங்கு 2022 ஜனவரியிலிருந்து என்னிடம் இருக்கிறது. அந்தக் கம்பெனி செய்யும் அகிடா என்ற ஏஐ சிப் என் கைக்கு வந்தது 2025-ல்தான். முதலில் சிப்பை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பங்கைப் பற்றி யோசித்திருக்க வேண்டும், நான் அதைத் தலைகீழாகச் செய்தேன், என்னைப் போலவே நிறைய பேர் செய்தார்கள், இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். அதனால் இந்த மதிப்புரையில் அட்டையையும் பங்கையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கம்பெனி விஷயத்தில் சிறு முதலீட்டாளர்கள் வாங்குவது சிப்பை நம்பித்தான், ஆனால் சிப்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்களில் மிகச் சிலர்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையில் பிஆர்என் என்ற குறியீட்டில் இருக்கும் சின்னக் கம்பெனி இது. 2015-ல் அசியானா என்ற சுரங்கக் கம்பெனியின் வழியாகப் பட்டியலுக்குள் வந்தது. பீட்டர் வான் டெர் மாடே, அனில் மங்கர் இருவரும் தொடங்கியது, தொழில்நுட்ப வேலை முக்கியமாகக் கலிபோர்னியாவில் நடக்கிறது. அகிடா என்றால் கிரேக்க மொழியில் கூர்முனை. நரம்பு ஒன்று துடிக்கும்போது வரைபடத்தில் சட்டென்று எழும் முனை இருக்கிறதே, அதுதான். மூளை போல வேலை செய்யும் (நியூரோமார்பிக்) சிப் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். கொஞ்சம் இறக்கிச் சொன்னால், வழக்கமான சிப் ஒரு படத்தையோ ஒலியையோ வாங்கினால் உள்ளே இருக்கும் எண்களைப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகும், நடுவில் எத்தனை பூஜ்ஜியம் வந்தாலும் கணக்கு நடக்கும். அகிடா பூஜ்ஜியத்தைத் தொடாமல் விட்டுவிடும். மதிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் கணக்கு நடப்பதால் மின்சாரம் குறைகிறது. இதன் பயன் மின்கம்பியில் செருகிய பெட்டிக்கு அதிகம் தெரியாது. பேட்டரியில் ஓடும் சின்னச் சாதனத்துக்குத்தான் தெரியும்.

சரி, அட்டைக்கு வருகிறேன்.

2022 ஜனவரியில் ஏகேடி1000 சிப்பை மினி பிசிஐஇ அட்டையில் வைத்து 499 அமெரிக்க டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். 2025 ஜனவரியில் அதே சிப்பை எம்.2 அட்டையில் வைத்து 249 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். நான் வாங்கியது இந்த இரண்டாவது வகை. ஆஸ்திரேலியப் பணத்தில் கிட்டத்தட்ட 400 டாலர் வந்தது. கையில் எடுத்தால் லேப்டாப்புக்குள் போடும் எஸ்எஸ்டி மாதிரிதான் இருக்கும், நடுவில் ஒரு சின்னச் சதுரம். தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 28 நானோமீட்டர் முறையில் அடித்த சிப், உள்ளே 80 நரம்புக் கணக்கு அலகுகள், 8 எம்பி நினைவகம். மொத்த அட்டைக்கும் ஒரு வாட் அளவு மின்சாரம் போதும் என்பது கம்பெனியின் கணக்கு. விசிறி கிடையாது. மணிக்கணக்கில் ஓடவிட்டு விரலை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான், சூடு என்று சொல்ல முடியாது.

ராஸ்பெர்ரி பை 5 என்ற உள்ளங்கை அளவு கணினி ஒன்று வீட்டில் இருந்தது, அதன் மேல் எம்.2 பலகையைப் பொருத்தி இதைச் செருகினேன். டிரைவரை நாமே கம்பைல் செய்ய வேண்டும், லினக்ஸ் பழக்கம் இல்லாதவருக்கு அந்த இடத்தில் யாராவது துணை இருந்தால் நல்லது. அதன் பிறகு பைத்தான் வழியாக மெட்டாடிஎஃப் என்ற அவர்களுடைய மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம், அது இலவசம். ஒரு முக்கியமான விஷயம், அட்டை இல்லாமலும் அந்த மென்பொருள் ஓடும், சிப் செய்வதைக் கணினியே போலச் செய்து காட்டும். அதாவது பங்கு வைத்திருக்கும் யாரும் ஒரு பைசா செலவில்லாமல் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து இந்தச் சிப் எதைச் செய்யும் எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ளலாம். இது எனக்கு மூன்று வருஷமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியே எடுக்கவில்லை, விலையை மட்டும் ஒரு நாளைக்குப் பத்து முறை பார்த்தேன்.

முதலில் ஓட்டியது கேமராவில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லும், ஏற்கெனவே தயாராக இருக்கும் ஏஐ மாதிரி (மாடல்). வீட்டுக் காராஜ் வாசலில் கேமராவை வைத்தேன். தபால்காரர் வந்தால் சொல்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை வந்தால் பேசாமல் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இதை எந்த ஏஐ அட்டையும் செய்யும் என்பதால் எனக்குப் பெரிய வியப்பு வரவில்லை.

வியப்பு வந்தது இரண்டாவது முயற்சியில். சொற்களை அடையாளம் காணும் மாதிரி ஒன்று இருக்கிறது, ஆங்கிலச் சொற்களில் ஏற்கெனவே பயிற்சி பெற்றது. அதன் கடைசி அடுக்கை மட்டும் சிப்பிலேயே வைத்துப் புதுச் சொல் கற்றுக்கொடுக்கலாம். இணையம் வேண்டாம், பெரிய கணினி வேண்டாம், எங்கோ இருக்கும் சர்வருக்கு நம் குரலை அனுப்பவும் வேண்டாம். நான் 'கதவு', 'விளக்கு' என்று இரண்டு தமிழ்ச் சொற்களை மைக்கில் சொல்லிச் சொல்லிப் பதிவு செய்து கற்றுக்கொடுத்தேன். என் குரலுக்குப் பிடித்துக்கொண்டது. அம்மா சொன்னபோது முதலில் தடுமாறியது, அவர் குரலிலும் சில பதிவுகளைச் சேர்த்த பிறகு அவருக்கும் பிடித்துக்கொண்டது. 'விளக்கு' என்று அம்மா சொன்னதும் விளக்கு எரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு வாட் அட்டை, நம் வீட்டுக் குரலை நம் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கற்றுக்கொள்கிறது. காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம், வயதானவர் அறையில் வைக்கும் எச்சரிக்கைக் கருவி என்று யோசித்தால் இந்தத் திறமைக்கு வேலை இருக்கிறது.

இதற்கு எல்லையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை ஆகாது. அந்தக் கற்கும் அடுக்கில் எடைகள் (மாதிரி கற்றதைச் சேமித்து வைக்கும் எண்கள்) ஒரு பிட் அளவுதான், மற்ற அடுக்குகளிலும் பெரும்பாலும் 4 பிட் வரைதான். 8 எம்பிக்குள் அடங்குகிற மாதிரிகளுக்காகச் செய்த சிப் இது. இப்போது எல்லோரும் ஏஐ என்று சொல்லும்போது மனதில் நினைப்பது பேசும், எழுதும் பெரிய மொழி மாதிரிகளை. அது இந்த அட்டையின் வேலையே இல்லை. 'என்விடியா ஏறுகிறது, அதனால் பிரெயின்சிப்பும் ஏற வேண்டும்' என்று 2024 தொடக்கத்தில் எத்தனை பேர் சொன்னார்கள், விலையும் சில வாரங்களில் இரட்டிப்புக்கு மேல் போனது, ஆனால் டேட்டா சென்டரில் அடுக்கும் சிப்புக்கும் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிக்குள் போக வேண்டிய சிப்புக்கும் வாங்குபவர் வேறு, விலை வேறு, விற்கும் வழியும் வேறு. ஏஐ என்ற பெயர் மட்டும்தான் பொது.

போட்டிக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. ராஸ்பெர்ரி பை கம்பெனியே 2024 ஜூனில் ஹெய்லோ சிப் வைத்த ஏஐ கிட்டை 70 டாலருக்குக் கொண்டுவந்தது, 13 டாப்ஸ் (வினாடிக்கு 13 லட்சம் கோடி கணக்குகள்) திறன், கேமராவில் ஆள், கார், நாய் என்று பெட்டி போட்டுக் காட்டுவதற்கு அதுவே தாராளம். இன்னொரு பக்கம் என்விடியா 2024 டிசம்பரில் ஜெட்சன் ஓரின் நானோ சூப்பரை 249 டாலருக்கு இறக்கியது. அகிடா அட்டையின் விலையேதான். அதில் முழுக் கணினியே இருக்கிறது, 67 டாப்ஸ் என்று சொல்கிறார்கள், சின்ன மொழி மாதிரிகளைக்கூட ஓட்டலாம். அது 25 வாட் வரை இழுக்கும், அகிடாவுக்கு ஒன்று போதும் என்பது உண்மை. ஆனால் மேசையில் வைத்துப் பழகிப் பார்க்கும் மாணவனுக்கு மின்சாரம் ஒரு பிரச்சினையே இல்லை, அவன் ஜெட்சனைத்தான் எடுப்பான். அவன் நாளைக்கு வேலைக்குப் போகும் கம்பெனியில் எதைப் பரிந்துரைப்பான்? தெரிந்ததைத்தான். ஒரு சின்ன சிப் கம்பெனிக்கு இதுதான் பெரிய சுவர், தொழில்நுட்பம் நன்றாக இருந்தால் மட்டும் இந்தச் சுவரைத் தாண்ட முடியாது.

ஆக அட்டையைப் பற்றி என் கருத்து: பேட்டரியில் ஓடும் கருவி செய்பவர், நியூரோமார்பிக் என்றால் என்ன என்று கையால் தொட்டுப் படிக்க விரும்புபவர் வாங்கலாம், 249 டாலருக்கு நேர்மையான பொருள். வீட்டுக் கேமராவுக்கு என்றால் 70 டாலர் கிட் போதும். பங்கு வைத்திருப்பதால் வாங்குகிறேன் என்றால் முதலில் இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள்.

பங்கைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் அதிகம் இருக்கிறது.

2021 முடியும்போது விலை ஆஸ்திரேலியப் பணத்தில் 70 சென்ட் பக்கம். 2022 ஜனவரி 3-ம் தேதி மெர்சிடிஸ் பென்ஸ் தன் விஷன் இக்யூஎக்ஸ்எக்ஸ் காரை அறிமுகம் செய்தது, அதில் 'ஹே மெர்சிடிஸ்' என்று கூப்பிட்டால் கேட்கும் பகுதிக்கு பிரெயின்சிப்போடு வேலை செய்ததாகவும், வழக்கமான குரல் கட்டுப்பாட்டைவிட ஐந்திலிருந்து பத்து மடங்கு சிக்கனமாக இருப்பதாகவும் சொன்னது. மூன்றே வாரத்தில் விலை 2 டாலரைத் தாண்டியது. அப்போது சுமார் 170 கோடி பங்குகள் இருந்தன, பெருக்கிப் பார்த்தால் கம்பெனியின் மதிப்பு 300 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். நான் வாங்கியது அந்த ஏற்றத்தில், 1.70 டாலருக்கு.

அந்தக் கார் விற்பனைக்கு வந்த கார் அல்ல, ஒரே சார்ஜில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட முடியும் என்று காட்டச் செய்த மாதிரிக் கார். இது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரு அண்ணன் ஒரு தாளை எடுத்து, மெர்சிடிஸ் வருஷத்துக்கு இத்தனை கார் விற்கிறது, ஒரு காருக்கு இத்தனை சிப், ஒரு சிப்புக்கு இவ்வளவு ராயல்டி என்று கணக்குப் போட்டார். 'தம்பி, இது வெறும் ஒரு கம்பெனிதான், மிச்ச கார் கம்பெனி எல்லாம் வரிசையில் வரும்' என்றார். அவரும் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை, அவருடைய வீட்டுக் கடன் பணத்தையும் அதில்தான் போட்டிருந்தார். ஒரே ஒரு புள்ளியை வைத்துவிட்டு முழுக் கோலத்தையும் நாங்கள் மனதில் போட்டு முடித்துவிட்டோம். அப்புறம் வந்த ஒவ்வொரு செய்தியும் இன்னொரு புள்ளி ஆயிற்று. ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் பொறியாளர் பிரெயின்சிப்பின் பதிவுக்கு விருப்பம் தெரிவித்தால் அது ஒரு புள்ளி, ஏதோ ஒரு காப்புரிமையில் நியூரோமார்பிக் என்ற சொல் இருந்தால் அது ஒரு புள்ளி. ரகசிய ஒப்பந்தம் இருப்பதால்தான் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை என்று நம்பிக்கொண்டோம். பேர் வராததே ஆதாரம் என்று ஆகிவிட்டால் அப்புறம் எந்தச் செய்தியும் நம் எண்ணத்தை மாற்ற முடியாது.

இதற்கு நடுவில் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு பங்கு சொல்லும் ஒரு சேவையில் நான் சேர்ந்திருந்தேன், பெயர் வேண்டாம். ஏறும்போது 'வாங்குங்கள்' என்று மூன்று மின்னஞ்சல் வந்தது. இறங்க ஆரம்பித்ததும் அந்தப் பெயரே அவர்கள் கடிதங்களில் காணாமல் போனது. விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று கேட்டு எழுதினேன், பதில் இல்லை. அந்தச் சந்தாப் பணத்துக்கு ஒரு அட்டை வாங்கியிருக்கலாம்.

உண்மையில் இருந்த புள்ளிகள் எவை? 2020 டிசம்பரில் ஜப்பானின் சிப் கம்பெனி ரெனெசாஸ் அகிடா வடிவமைப்பைப் பயன்படுத்த உரிமம் வாங்கியது, 2021 நவம்பரில் மெகாசிப்ஸ் வாங்கியது. இரண்டும் உண்மையான கம்பெனிகள், உண்மையான பணம். 2022-ல் வருமானம் சுமார் 51 லட்சம் அமெரிக்க டாலர் வந்தது. அடுத்த வருஷம் அதுவே 2.3 லட்சம் டாலர் அளவுக்கு விழுந்தது, 2024-லும் 4 லட்சம்தான், நஷ்டம் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல். இந்த மாதிரித் தொழிலில் முதலில் உரிமக் கட்டணம் வரும், வாங்கியவர் அதைத் தன் சிப்புக்குள் வைத்து வடிவமைக்க வேண்டும், அடித்து, சோதித்து, இன்னொருவருடைய கருவிக்குள் போய், அந்தக் கருவி கடையில் விற்ற பிறகுதான் ராயல்டி. ரெனெசாஸ் உரிமம் வாங்கி இரண்டு வருஷம் கழித்துத்தான், 2022 டிசம்பரில், அகிடா உள்ள வடிவமைப்பு தயாரிப்புக்குப் போகும் கட்டத்தை எட்டியதாகச் செய்தி வந்தது. இது தொழிலின் இயல்பான வேகம். நாங்கள்தான் அடுத்த காலாண்டிலேயே கொட்டும் என்று காத்திருந்தோம்.

வருமானம் இல்லாத காலத்தில் சம்பளம் எதிலிருந்து வரும் என்பதையும் நான் அப்போது யோசிக்கவில்லை. புதுப் பங்குகளிலிருந்து வரும். எல்டிஏ கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தோடு 2020-ல் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள், தேவைப்படும்போது புதுப் பங்குகளைச் சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைத்து அவர்களுக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்று. தவறான காரியம் இல்லை, வெளிப்படையாக அறிவித்துச் செய்வதுதான். ஆனால் 170 கோடியாக இருந்த பங்குகள் 2025-ல் 200 கோடியைத் தாண்டிவிட்டன. விலை மறுபடி 2 டாலர் ஆகவேண்டும் என்றால் கம்பெனி முன்பைவிடப் பெரிதாக வேண்டும். விலை இறங்கும்போது இன்னும் வாங்கி என் சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று நான் 90 சென்ட்டிலும் 50 சென்ட்டிலும் வாங்கியபோது இந்தக் கணக்கு என் தாளில் இல்லை.

2022 ஜூனில் பிரெயின்சிப், ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையின் (ஏஎஸ்எக்ஸ்) 200 பெரிய கம்பெனிகள் இருக்கும் ஏஎஸ்எக்ஸ் 200 குறியீட்டில் சேர்ந்தது, 2023-ல் வெளியே போனது. 2023, 2024 இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்டங்களிலும் மேலதிகாரிகளின் சம்பள அறிக்கைக்கு எதிராகக் கால்வாசிக்கு மேல் ஓட்டு விழுந்தது. ஆஸ்திரேலியச் சட்டப்படி அடுத்தடுத்து இரண்டு முறை அப்படி விழுந்தால் இயக்குநர்களை மறுபடி தேர்தலுக்கு நிறுத்தலாமா என்று ஓட்டெடுக்க வேண்டும். எடுத்தார்கள், இயக்குநர் குழு தப்பித்தது. நானும் ஓட்டுப் போட்டேன். சிறு முதலீட்டாளர்கள் சும்மா விலையைப் பார்ப்பவர்கள் மட்டுமல்ல, கேள்வியும் கேட்பார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

இப்போது யாராவது என்னிடம் பிரெயின்சிப் வாங்கலாமா என்று கேட்டால் மெர்சிடிஸ் பற்றியும் பேசுவதில்லை, நியூரான்கள் எண்ணிக்கை பற்றியும் பேசுவதில்லை. 4சி அறிக்கையைத் திறக்கச் சொல்கிறேன். இன்னும் லாபம் ஈட்டாத இந்த மாதிரிக் கம்பெனிகள் ஒவ்வொரு காலாண்டு முடிந்தும் ஒரு மாதத்துக்குள் ஏஎஸ்எக்ஸில் போட வேண்டிய பணப்புழக்க அறிக்கை அது, சில பக்கங்கள்தான். அதில் 1.1 என்ற வரியைப் பாருங்கள், வாடிக்கையாளர்களிடமிருந்து கைக்கு வந்த பணம். பிறகு கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள், இப்போது செலவாகும் வேகத்தில் கையிருப்பு இன்னும் எத்தனை காலாண்டுக்குத் தாங்கும் என்று ஒரு எண் இருக்கும். ஒப்பந்தம், கூட்டணி, கண்காட்சி என்று எத்தனை அறிவிப்பு வந்தாலும் கடைசியில் அது 1.1-ல் வந்து விழ வேண்டும். அந்த வரி தொடர்ந்து நாலைந்து காலாண்டு ஏறினால் நான் இன்னும் வாங்குவேன், அப்போது விலை இரண்டு மடங்காக இருந்தாலும் பரவாயில்லை.

நல்ல செய்திகளே இல்லை என்று சொல்லவில்லை. 2024 மார்ச்சில் ஆப்டிமஸ்-1 செயற்கைக்கோளில் அகிடா சிப் விண்வெளிக்குப் போனது, அதே வருஷம் டிசம்பரில் ஃப்ரன்ட்கிரேட் கெய்ஸ்லர் என்ற கம்பெனி விண்வெளிச் சிப்புகளுக்காக உரிமம் வாங்கியது, அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தின் ரேடார் வேலை 18 லட்சம் டாலருக்குக் கிடைத்தது. மின்சாரம் தங்கம் போல இருக்கும் இடங்கள் இவை, இந்தச் சிப்பின் குணத்துக்குப் பொருந்தும் இடங்கள். கார், கைப்பேசி என்று நாங்கள் கனவு கண்ட அளவு இல்லை, ஆனால் நிஜம். வலிப்பு வருவதை முன்கூட்டியே சொல்லும் கண்ணாடி ஒன்றில் அகிடாவை வைக்க ஆன்சர் என்ற கம்பெனி முயல்கிறது, அது வெற்றி பெற வேண்டும் என்று பங்குக்காக அல்லாமலே விரும்புகிறேன்.

அந்த அண்ணன் 2023 கடைசியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். நான் பாதியை வைத்திருக்கிறேன், 2025 நடுவில் விலை 20 சென்ட் சுற்றி இருந்தபோதும் விற்கவில்லை, புதிதாக வாங்கவும் இல்லை. அட்டை காராஜில் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்காக அடுத்து 'மருந்து' என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன், இருபது பதிவு ஆகிவிட்டது.